பல தேசத்துச் சாமான்களும் ஒரு குடித்தனமும்

ஒரு வீட்டின் உட்புறத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்புவிக்கிறவர்களுடைய சாமான்கள் யாவும் ஒரே காலத்தில், ஒரே கடையில், ஒரே மனப்போக்கில் வாங்கப்பட்டவையாக இருக்குமானால் நம்முடைய வேலை மிகவும் சுலபமாகிவிடும். ஆனால் அப்படிப்பட்ட வீட்டை என் அனுபவத்தில் நான் கண்டது அபூர்வம். பாட்டி காலத்துப் பெட்டகம், கலியாணத்தின்போது வந்த இரும்பு பீரோ, உத்தியோக மாற்றத்தால் போன ஊர்களிலிருந்தெல்லாம் லாரியேறி வந்த நாற்காலிகள், பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியபின் பெற்றோருக்கு வாங்கித் தந்த சோபா என்று, ஒரு குடும்பம் நடந்து வந்த வழி முழுவதும் அந்த வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இவற்றுள் எதையும் விலக்க மனமில்லாமலும், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தாராளமாக நடமாட இடமில்லாமலும் தவிக்கிற குடும்பத்தாருக்கு நாம் செய்யக்கூடிய உதவியைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

இவ்விதமான அலங்கார முறையை ‘எக்லெக்டிக்’ என்று சொல்கிறார்கள். பொறுக்கியெடுத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஒரே சித்தாந்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாமல், பல சித்தாந்தங்களிலிருந்தும் தம் புத்திக்கு உகந்தவற்றைத் தேர்ந்துகொண்ட பழங்காலத்துத் தத்துவ ஞானிகளுக்கே அப்பெயர் முதலில் வழங்கியது. ஆகையால் கலத்தலைக் காட்டிலும் தேர்தலே இம்முறையின் உயிர் என்பதை இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேர்தலைச் செய்ய வேண்டியவரும் நாமல்லர்; வீட்டுக்குரியவர் தம் வாழ்நாளில் ஏற்கெனவே பெரும்பாலும் செய்து முடித்துவிட்ட தேர்தலைக் கண்டறிந்து, அதை அவர் கண்ணுக்கே புலப்படும்படி செய்வதுதான் நம் கடமை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று நினைப்பதற்கும் இடமில்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றில் நுழைந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியத்து நிலைக்கண்ணாடி, இங்கிலாந்தில் வார்த்த இரும்புக் கிராதி, ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்கள் ஆகிய இத்தனையும், முட்டையின் வெண்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பான வெண்மைக்கு நடுவில், ஒன்றையொன்று விரோதித்துக்கொள்ளாமல் வாழ்கின்றன. வளவு என்னும் நடுமுற்றமும், அதைச் சுற்றி ஓடும் தாழ்வாரமும், வரிசையாக அமைந்த அறைகளும் கலியாணம், சாந்தி, படைப்பு என்னும் குடும்பக் காரியங்களுக்காகவே வகுக்கப்பட்டவை. அந்தக் காரியங்கள் மாறாதிருந்தமையால், எந்த நாட்டிலிருந்து வந்த பொருளும் அங்கே தனக்கென ஒரு வேலையைப் பெற்று, நாளடைவில் அவ்வீட்டுப் பொருளாகவே ஆகிவிட்டது. பொருளை வீட்டோடு ஒட்டவைப்பது அதன் உபயோகம் என்ற பாடத்தை நான் எந்தப் பாடசாலையிலும் கற்கவில்லை, அவ்வீடுகளிலேதான் கற்றேன்.

சென்னையில், மயிலாப்பூருக்குச் சமீபத்தில், ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் 1,350 சதுர அடி கொண்ட வீட்டைத் திருத்தியமைத்த விவரத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு, மற்ற விஷயங்களை அதன் வழியே சொல்லிப் போகிறேன். வீட்டுக்குரிய ஆச்சிக்குக் காரைக்குடிப் பக்கத்தில் இருந்த பூர்விக வீடு பங்காளிகளுக்குள் பிரிந்தபோது, தம் பங்காக ஒரு பெட்டகமும், சாய்வான பலகை வைத்த கணக்குப்பிள்ளை மேசையும், போதிகையோடு கூடிய இரண்டு மரத்தூண்களும், சட்டமிட்ட ஆறு ரவிவர்மா படங்களும், ஓர் அறை நிறையப் பித்தளையும் எனாமலும் வந்து சேர்ந்தன. அவருடைய கணவர் பல வருஷங்கள் பினாங்கில் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். நான்கு பிரம்பு நாற்காலிகளையும் நீலமும் வெள்ளையுமான பீங்கான் தட்டுகளையும் அவர் கொண்டு வந்திருந்தார். ஜெர்மனியில் குடியிருக்கும் மகள், பெற்றோர் சௌகரியமாக உட்கார வேண்டும் என்று, சாம்பல் நிறத் துணி போர்த்த, கோடு கிழித்தாற்போன்ற வடிவமுள்ள நவீன சோபா ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். “இதையெல்லாம் எங்கே தம்பி வைக்கிறது? ஒன்றைப் பார்த்தால் ஒன்று முறைக்கிறதே!” என்று ஆச்சி என்னிடம் கேட்டார்.

முதல் நாள் அளவு நாடாவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். அன்று செய்ய வேண்டியதெல்லாம் உட்கார்ந்து காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்பதுதான். காலை ஆறு மணிக்கு இந்த வீட்டில் யார் எங்கே இருப்பார்கள்? மத்தியானம் யார் எங்கே கண்ணயர்வார்கள்? விசேஷ நாட்களில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள், தரையில் இலை போடுவார்களா, மேஜையில் பரிமாறுவார்களா? நாளைக்கே வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் எதை மட்டும் கையோடு எடுத்துப் போவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற விடை பெரும்பாலும் விலையுயர்ந்த பொருளாக இராது. நான் பெட்டகத்தை எதிர்பார்த்தேன். ஆச்சியோ கணக்குப்பிள்ளை மேசையைக் காட்டினார். அவருடைய தகப்பனார் அதன் முன் சம்மணமிட்டு அமர்ந்து கணக்கெழுதியவராம். அன்றன்றைய செலவை ஆச்சி இன்றைக்கும் அதன் மேல் வைத்துத்தான் எழுதுகிறார். அப்படியிருக்க, அந்த மேசை படுக்கையறையின் கதவுக்குப் பின்னால், சலவைத் துணிகளைச் சுமந்துகொண்டு நின்றது. மறுநாள் நான் வரைந்த வரைபடத்தில் முதலில் இடம் பெற்றது அம்மேசைதான்: கூடத்தில் கிழக்குச் சன்னலுக்கு அருகே, இடப்புறமிருந்து வெளிச்சம் விழும்படி, கோரைப் பாய் ஒன்று விரித்த சிறு மேடையின்மேல். மற்றப் பொருள்கள் யாவும் அதை அனுசரித்தே தத்தம் இடத்தை அடைந்தன.

இங்கே என் பழைய பிழை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொழிலுக்கு வந்த ஆரம்ப காலத்தில், ஒரு கிருகஸ்தருடைய வீட்டில் இருந்த பழம்பொருள்களை, மூலைக்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு விளக்கு விழும்படி செய்து, மிகுந்த பெருமையோடு சாவியை அவர் கையில் கொடுத்தேன். அந்த வீட்டு முதிய அம்மாள் இரண்டு நாள் கழித்துத் தம் வெற்றிலைச் செல்லத்தைத் தேடிக் களைத்துப்போய்விட்டார். நானோ அதைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தேன். காட்சிசாலையில் இருக்கத் தகுந்த பொருள் வேறு, வீட்டில் இருக்கத் தகுந்த பொருள் வேறு. அவருடைய கைக்கு எட்டாமல் செய்த நொடியிலேயே அந்தச் செல்லம் செத்த பொருளாகிவிட்டது. அந்த வருத்தம் இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதன் பிறகு, ஒரு பொருளுக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் அதற்கு இடம் ஒதுக்குவதில்லை என்று நியமம் வைத்துக்கொண்டேன்.

ஆகவே இரண்டாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் நீளம், அகலம், உயரம், என்ன மரம், எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டு வந்தது, இப்போது என்ன வேலை செய்கிறது, பழுது என்ன என்பவற்றை எழுதுங்கள். மரத்தை அடையாளம் காண்பதில் அவசரம் கூடாது. தேக்கு, ஈட்டி, வேங்கை, பலா இவை பழைய பாலிஷுக்கு அடியில் ஒன்றுபோலவே தோன்றும். அடிப்பக்கத்தையோ இழுப்பறையின் உட்புறத்தையோ பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிப் பார்க்கும்போதே உளுத்த துளைகளில் புதிய மாவு உதிர்கிறதா என்றும் கவனித்துவிடுங்கள். உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அந்தச் சாமானுக்கு வைத்தியம் செய்து முடிக்காமல் மற்றச் சாமான்களோடு சேர்க்கக் கூடாது.

இடத்தை நிச்சயிப்பதற்கு நான் கையாளுகிற உபாயம் மிகச் சாதாரணமானது. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, ஒவ்வொரு சாமானின் அடி அளவுக்கும் கத்தரித்து, காலிக் கூடத்தில் உத்தேசித்த இடத்தில் விரித்துவிட்டு, வீட்டாரை ஒரு நாள் முழுவதும் அவற்றின்மேல் கால் படாமல் நடமாடச் சொல்வேன். வரைபடத்தில் அழகாகத் தெரிந்த பல யோசனைகள் சமையலறையிலிருந்து தட்டோடு வருகிறவர் காலடியில் கிழிந்துபோகும். முக்கியமான நடைவழிக்கு மூன்று அடியும், சோபாவுக்கும் அதன் முன்னுள்ள தாழ்ந்த மேஜைக்கும் நடுவில் ஒன்றரை அடியும், சாப்பாட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க இரண்டரை முதல் மூன்று அடியும் வேண்டும். இந்த வீட்டில் அவற்றோடு வேறொரு அளவும் சேர்ந்தது: கோடை விடுமுறையில் வருகிற பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் கூடத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுப்பது வழக்கமாம், ஆகவே கூடத்தின் நடுவில் பத்துக்குப் பன்னிரண்டடி இடம் எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது கட்டளையாயிற்று. பத்தமடைப் பாய்களையும் பவானி ஜமக்காளங்களையும் வைக்க இடம் தேடியபோது பெட்டகத்துக்கும் வேலை கிடைத்துவிட்டது.

சாமான்களை ஒன்றோடொன்று சேர்த்து வைப்பதில்தான் மனம் அதிகம் தடுமாறும். சோபாவைச் செட்டிநாட்டுச் சாமான்களின் கண்ணில் படாத இடத்துக்கு ஒதுக்கிவிடலாம் என்று ஆச்சி சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. மகளின் அன்பு அதில் இருக்கிறது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், செதுக்கு வேலையும் பூவேலையும் நிறைந்த பொருளுக்குப் பக்கத்தில் அதேபோல் நிறைந்த மற்றொரு பொருளை வைத்தால் இரண்டும் பேச முயன்று ஒன்றும் காதில் விழாது. எளிய வடிவமுள்ள பொருள் அருகே இருந்தால் செதுக்கு வேலை தனித்து விளங்கும். ஆகவே ஒரு சுவரைப் பெட்டகத்துக்கே முழுவதுமாகக் கொடுத்து, அதற்கு நேர் எதிரே சோபாவைப் போட்டோம். கனமான பொருளுக்கு எதிரே நீளமான, தாழ்ந்த பொருள் நின்றதால் கூடம் ஒரு பக்கமாகச் சாயவில்லை. பிரம்பு நாற்காலிகளில் இரண்டை அவற்றுக்கு இடையில் வைத்தோம். பிரம்பு மரமும் அன்று, துணியும் அன்று; தேக்கின் நிறத்தில் ஓரளவும் துணியின் இலேசில் ஓரளவும் அதனிடம் இருப்பதால், சம்பந்திகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரு பக்கத்தையும் இணக்கிவைக்கும் பெரியவரைப்போல் அது காரியம் செய்யும். அந்தப் பிரம்புப் பின்னலையே புதிதாகச் செய்த செருப்பு அலமாரியின் கதவிலும், படுக்கையறைக் கட்டிலின் தலைப்பக்கத்திலும் ஆசாரியிடம் சொல்லிப் போடச் செய்தேன். ஒரே பொருளோ ஒரே நிறமோ வீட்டில் மூன்று இடங்களிலாவது திரும்ப வருமானால், முன்பின் அறியாத சாமான்களுக்குள்ளும் ஓர் உறவு உண்டாகிவிடுகிறது.

தூண்களின் விஷயம் கடினமானது. கூடத்தின் நுழைவாயிலில் இரண்டு பக்கமும் அவற்றை நிறுத்த வேண்டுமென்று கணவர் ஆசைப்பட்டார். தூண்களோ எட்டரை அடி. கூடத்தின் உயரம் ஒன்பதரை அடி. நிறுத்தினால் மேலே ஓர் அடி இடைவெளி நிற்கும், அதைப் பொய்ப் பலகை வைத்து மூட வேண்டும். பாரம் தாங்கப் பிறந்த பொருள் ஒன்றையும் தாங்காமல் நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்காது. கொழும்பில் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958-ல் தொடங்கி, வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 33-ஆம் ஒழுங்கையில் தமக்கென அமைத்துக்கொண்ட வீட்டிலும் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து மீட்ட தூண்கள் இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் அவை வானம் பார்த்த சின்னஞ்சிறு முற்றத்தை ஒட்டி, மேலிருந்து வெளிச்சம் வழியும் இடத்தில், முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் எல்லையாக நிற்கின்றன, பிறந்த வீட்டில் செய்த காரியத்தையே புகுந்த வீட்டிலும் செய்கின்றன. மூன்றாம் மாடியில் நமக்கு முற்றம் ஏது? இதை நான் எடுத்துச் சொன்னபோது இருவரும் நெடுநேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு ஆச்சி, சொந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்த தம் தம்பி மகனுக்கு அவற்றைக் கொடுத்துவிடலாம் என்றார். அவன் முன்வாசல் தாழ்வாரத்தில் அவை இப்போது கூரையைத் தாங்குகின்றன. விலக்க வேண்டிய பொருளை விற்றுவிடச் சொல்வதைவிட, அதற்கு வேலை கொடுக்கக்கூடிய உறவினரைத் தேடித் தருவது நம் தொழிலின் ஓர் அங்கம் என்றே நான் கருதுகிறேன்.

ஊஞ்சல் வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கும் இந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் உட்கார்ந்தால் பாரம் 250 கிலோவுக்கு மேல் போகும். ஆடும்போது கொக்கியின்மேல் விழும் விசை இதையும் தாண்டும். கான்கிரீட் தளம் போடும்போதே கொக்கி பதிக்கப்படாத வீட்டில், தளத்தைத் துளைத்து ஆணி முடுக்கித் தொங்கவிடுவது உயிரோடு விளையாடுவதாகும். கட்டிடப் பொறியாளர் பார்த்துச் சம்மதித்தால் உத்தரத்திலிருந்து தொங்கவிடலாம். இல்லாவிட்டால் தரையில் நிற்கும் சட்டத்தில் மாட்டும் ஊஞ்சலோடு திருப்தியடைவதே விவேகம்.

பலவகைச் சாமான்களையும் ஒரு வீட்டுப் பிள்ளைகளாக்குவது அவற்றின் பின்னணிதான் என்பதால், தரை, சுவர், விளக்கு மூன்றிலும் மிகுந்த நிதானம் வேண்டும். தரை முழுவதும் ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டுமென்று ஆச்சிக்கு ஆசை. அந்தக் கல்லைச் செய்கிற முறையை அவ்வூருக்கே போய்ப் பார்த்தவன் நான். சட்டத்துக்குள் கண்ணாடித் துண்டை அடியில் வைத்து, பூ வடிவமாக வளைத்த தகட்டு அச்சை அதன்மேல் பொருத்தி, நிறம் கலந்த சிமெண்டுக் கூழை அறையறையாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு சாந்தை நிரப்பி மட்டப்படுத்துகிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறவைத்து எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானே கழன்று, அதன் வழவழப்பைக் கல்லுக்குத் தந்துவிட்டுப் போகிறது. சூளையில் சுடாத கல்லாதலால் அது நடக்க நடக்க மெருகேறும். தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் அவ்வப்போது துடைத்தால் போதும். ஆசிட் மட்டும் ஒரு துளியும் ஆகாது. சிமெண்டை அரித்து நிறத்தைக் கெடுத்துவிடும். இவ்வளவு நற்குணங்கள் இருந்தும் வீடு முழுவதும் அதைப் பதிக்க நான் இணங்காததற்குக் காரணம் உண்டு. பழைய தரையின்மேலேயே சாந்து போட்டுப் பதித்தால் மட்டம் ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரும், கதவுகளையெல்லாம் இழைத்துக் குறைக்க வேண்டும், தளத்தின் பாரமும் ஏறும். அவற்றோடு, பூ வேலை நிறைந்த தரையில் மற்ற எந்தப் பொருளும் எடுபடாது. முன்வாசல் நடையிலும் பால்கனியிலும் மட்டும் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல்லைப் பதித்தோம். செங்காவியும் பச்சையும் கலந்த அந்தப் பூவை, உள்ளே வருகிறவர் முதலில் மிதித்துவிட்டுத்தான் அமைதியான கூடத்துக்குள் காலடி வைக்கிறார்.

சுவர்களுக்கு வெண்மை, அதிலும் நீலச் சாயலில்லாத, சற்றே மஞ்சள் கலந்த சுண்ணாம்பு வெண்மை. நிறங்களைப் பீங்கான் தட்டுகளிலிருந்தும் ஆத்தங்குடிக் கல்லிலிருந்தும் எடுத்துக்கொண்டோம்: சோபாத் தலையணைகளுக்கு அவுரி நீலம், ஜமக்காளத்தின் கரைக்குக் காவி. வேறு நிறம் எதையும் நாம் புதிதாகக் கொண்டுவரவில்லை.

விளக்கைப் பற்றி நம் வீடுகளில் உள்ள ஒரு பழக்கத்தை நான் ஒவ்வொரு வீட்டிலும் மன்றாடித்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. சுவரின் உச்சியில் ஒரே ஒரு குழல் விளக்கைப் பொருத்தி, அதுவும் 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் நீல வெளிச்சமாக வாங்கிவிடுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் நூறு வருஷத்துத் தேக்கு கரிக்கட்டையாகவும், பித்தளை பச்சை பாய்ந்ததாகவும், மனிதர் முகம் நோயாளி முகமாகவும் தோன்றும். கூடத்திலும் படுக்கையறைகளிலும் 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் வெளிச்சமே மரத்துக்கு உகந்தது; சமையலறையில் 4000 வரை போகலாம். நிறம் காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. 90-க்குக் குறையாத விளக்குகளாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே விளக்குக்குப் பதிலாக, மேசைக்கு அருகே ஒன்று, பத்திரிகை படிக்கும் பிரம்பு நாற்காலிக்குப் பின்னால் ஒன்று, பெட்டகத்தின் பக்கத்தில் தாழ்வாக ஒன்று என்று வைத்தால், அந்தந்த வேலை நடக்கும் இடம் மட்டும் வெளிச்சமாகி, மற்ற இடம் இதமான அரையிருளில் ஓய்வெடுக்கும். மின் வயரிங் இதற்குத் தக்கபடி பூச்சு வேலைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பழைய மரத்துக்கு மெருகேற்றுவதில் எச்சரிக்கையாக இருங்கள். பாலிஷ் போடுகிற ஆளிடம் விட்டுவிட்டால், எந்திரத்தில் உப்புத்தாளை மாட்டி மேல்தோலையெல்லாம் உரித்து, மெலமின் பூசிக் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்துவிடுவார். கைபட்டுக் கைபட்டு வந்த நிறம் அதோடு போயிற்று. அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்க்கும் பழைய ஸ்பிரிட் பாலிஷே பழைய தேக்குக்கு ஏற்றது. அதையும் அழுக்கை மாத்திரம் மெல்லத் துடைத்துவிட்டு, கண்ணுக்குப் படாத மூலையில் முதலில் சோதித்துப் பார்த்தபின் செய்யச் சொல்லுங்கள். பாத்திரங்களுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது வழக்கம். ஒரு முறை, மெருகு போடக் கொடுத்த குடம் ஒன்று திரும்பி வந்தபோது அதில் வெட்டியிருந்த பெயர் முழுவதும் தேய்ந்து போயிருந்ததைக் கண்டு ஓர் அம்மாள் கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆச்சியின் பாத்திரங்களை அதனால் வீட்டிலேயே புளியும் சாம்பலும் கொண்டு துலக்கச் செய்தோம். “இது எங்க ஆத்தாவுக்குச் சீராக வந்தது” என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியவற்றில் பன்னிரண்டை மட்டும் சமையலறைத் திறந்த அலமாரியில், அரிசிக்கும் பருப்புக்குமாக வைத்தோம். மற்றவை பரணுக்குப் போயின. வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி இறக்கிக்கொள்ளலாம்.

ரவிவர்மா படங்கள் 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சுக்கூடத்தின் வழியாக நாடெங்கும் பரவிய ஓலியோகிராஃப் வகையைச் சேர்ந்தவை. காகிதமாதலால் ஈரமும் வெயிலும் அவற்றுக்குச் சத்துரு. மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டி, சட்டத்தின் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக அரை அங்குலம் விட வேண்டும். படத்தின் மத்திய பாகம் தரையிலிருந்து 57 அல்லது 58 அங்குலத்தில் இருப்பது நிற்பவர் கண்ணுக்குச் சரியான உயரம். ஆயினும் தரையில் அமர்கிற வழக்கமுள்ள அறையில் அதைவிட ஓர் அடி தாழ்த்தி மாட்டலாம். கணக்கெழுதும் மேசைக்கு எதிரே இருந்த லக்ஷ்மி படத்தை, ஆச்சியைப் பாயில் உட்காரவைத்து, அவர் நிமிர்ந்து பார்த்தபோது எங்கே பார்வை தங்கியதோ அங்கேதான் ஆணியடித்தோம்.

வீட்டில் இல்லாத பழம்பொருளைப் புதிதாக வாங்கிச் சேர்க்க விரும்புகிறவர்கள் காரைக்குடிக் கடைகளில் நிதானமாகத் தேடலாம். ஆனால் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தை நீங்கள் அறிந்திருப்பது அவசியம். நூறு வருஷத்துக்குக் குறையாத வயதுள்ள கலைப்பொருள்களைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்ப அது இடம் தருவதில்லை. விற்கிறவர்களுக்கும் உரிமம் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கற்சிலையையும் வெண்கல விக்கிரகத்தையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்; ஏதோ ஒரு கோவில் அதை இழந்திருக்கக்கூடும். ஆச்சியின் மகள் மரக்குதிரை ஒன்றைத் தன்னோடு ஜெர்மனிக்கு எடுத்துப்போக விரும்பியபோது, இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, அது தொல்பொருள் அன்று என்ற சான்றைப் பெற்ற பிறகே பெட்டியில் வைக்கச் சொன்னேன்.

எல்லாம் முடிந்து சாமான்கள் உரிய இடத்தை அடைந்த பின்னும், பால்கனிக் கதவுக்கு இடப்புறம் நான்கடி அகலச் சுவரை நான் வெறுமையாகவே விட்டிருந்தேன். அங்கே என்ன வரப்போகிறது என்று கணவர் கேட்டபோது, எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்போது வரட்டும் என்று பதில் சொன்னேன். செலவுக்கென ஒதுக்கிய தொகையிலும் பத்தில் ஒரு பங்கை அவர்கள் கையிலேயே நிறுத்திவைத்திருந்தேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒரு முறை போய்ப் பார்ப்பது என் வழக்கம். மரம் உப்பி இழுப்பறைகள் சிக்கும், பிரம்பின் இறுக்கம் தளரும், வெளிச்சுவரில் ஈரம் எங்கே கோக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியவரும். தை மாதத்தில் ஒரு நாள் மாலை போனேன். பெட்டகத்தின் கீழறை சற்று இறுகியிருந்தது. ஆசாரியை வரச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். பிரம்பு நாற்காலிகளில் ஒன்று, நான் வைத்த இடத்தில் இல்லை. அந்த வெற்றுச் சுவரோரம், பால்கனியிலிருந்து காற்று வரும் இடத்தில் அது கிடந்தது. பக்கத்தில் ஒரு சிறு முக்காலி, அதன்மேல் பினாங்குத் தட்டு ஒன்றில் சாத்துக்குடிப் பழங்கள், சுவரில் பேரப்பிள்ளைகளில் ஒருத்தி வண்ணப் பென்சிலால் வரைந்த வீடு. “இங்கே உட்கார்ந்தால் தெருவில் போகிற வருகிறவர்கள் தெரிகிறார்கள்” என்றார் கணவர். நான் நாடாவை எடுத்து, நாற்காலிக்கும் கதவுக்கும் உள்ள தூரத்தை அளந்து, இரண்டடி பத்தங்குலம் என்று என் நோட்டுப் புத்தகத்தில் அந்த நாற்காலியின் பக்கத்தில் பழைய குறிப்பை அடித்துவிட்டு எழுதிக்கொண்டேன்.